வெள்ளை அடித்த அலமாரியில் மஞ்சள் திட்டு: பழசாக்கும் பூச்சில் எங்கே தப்பு?

அலமாரி | செப்டம்பர் 6, இரவு 9.12

இரண்டு கதவு, கீழே இரண்டு இழுப்பறை, நாலரை அடி உயரம். என்ன மரம் என்று தெரியாது, ஆனால் கனம். மேலே பழைய பச்சை எனாமல், பாதி உரிந்தது. மேலே வெள்ளை அடித்து, ஓரங்களில் பச்சையும் கொஞ்சம் மரமும் எட்டிப் பார்க்கிற மாதிரி வேண்டும். சாக் பெயின்ட் (சுண்ணாம்பு மாதிரி பளபளப்பில்லாமல் நிற்கும் பெயின்ட்) அடித்தால் உப்புத்தாள் வேண்டாம், பிரைமர் வேண்டாம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அப்படியே செய்தேன். உரிந்த எனாமலை மட்டும் சுரண்டிவிட்டு நேராக இரண்டு கோட்.

மறுநாள் காலையில் சுரண்டிய இடங்களில் மட்டும் டீ சிந்தியது போல மஞ்சள் திட்டு. மூன்றாவது கோட் அடித்தேன், மறுபடி வந்துவிட்டது. நான்காவதுக்கு நிற்குமா? என் முடிவு: சாக் பெயின்ட் என்பதே விளம்பரம்.

இழைப்புளி | செப்டம்பர் 6, இரவு 10.40

நிற்காது. பத்தாவது கோட்டிலும் வரும். மரத்திலிருக்கும் சாயம் தண்ணீரில் கரையக்கூடியது. உங்கள் பெயின்டிலும் தண்ணீர்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டும் கீழே இருப்பதைக் கரைத்து மேலே இழுக்கிறது. கோட் கூடக்கூட அதற்குத் தண்ணீர்தான் கூடுகிறது. பச்சை எனாமல் இருக்கிற இடத்தில் திட்டு வராததற்குக் காரணம், எனாமல் மரத்தை மூடியிருக்கிறது.

மரம் என்ன என்று பாருங்கள். கண்ணில் படாத இடத்தில், இழுப்பறையின் அடியில், உளியால் நாலைந்து சீவல் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள்.

எண்பதாம்நம்பர் | செப்டம்பர் 7, காலை 7.05

பழசு மாதிரி தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள், மரமே முன்வந்து உதவி செய்கிறது. அதைப் போய்த் தடுக்கிறீர்கள்.

அலமாரி | செப்டம்பர் 7, மாலை 5.30

சீவல் போட்டேன். தண்ணீர் தேன் நிறம். ஜன்னல் வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மாதிரி ஒரு பளபளப்பு. கண் ஏமாற்றா?

இழைப்புளி | செப்டம்பர் 7, மாலை 6.15

கண் ஏமாற்று இல்லை, அது வேங்கை. சர்க்கரை வியாதிக்கு என்று வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்களே, அதே மரம்தான். தண்ணீரில் அத்தனை சுலபமாகச் சாயம் விடும் மரத்தின் மேல் தண்ணீர் கலந்த வெள்ளையை நேராக அடித்திருக்கிறீர்கள். தேக்கிலும் இது உண்டு, ஆனால் அங்கே எண்ணெய்ப் பசையும் சேர்ந்து வேறு தொல்லை. கருவேலம், வாகை எல்லாம் ஏறக்குறைய இதே கதை. ரப்பர் மரம், பைன் மாதிரி வெளிர் மரங்களில் பயம் குறைவு. பைனில் முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டும் பிசின் கசிந்து வட்டமாகத் தெரியும்.

தடுப்புக்கு அரக்கு. அவலரக்கு என்றும் ஷெல்லாக் என்றும் கடையில் சொல்வார்கள், செதில் செதிலாக இருக்கும். 60 கிராம் அரக்கு, 250 மி.லி. பாலிஷ் ஸ்பிரிட். கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, இரவு முழுக்க வையுங்கள், நடுவில் மூன்று நான்கு தடவை குலுக்குங்கள். தகர டப்பா வேண்டாம், இரும்பு பட்டால் அரக்கு கருக்கும். மறுநாள் துணியில் வடிகட்டி, இப்போது இருக்கும் வெள்ளைக்கு மேலேயே இரண்டு கோட் போடலாம். உரிக்க வேண்டியதில்லை. கோட்டுக்குக் கோட் ஒரு மணி நேரம். ஸ்பிரிட்டில் கரைந்த பூச்சு என்பதால் தண்ணீரில் கரையும் சாயம் அதற்குள் ஏறாது. அதன்மேல் வெள்ளை அடித்தால் வெள்ளை வெள்ளையாக இருக்கும்.

பிரஷ்ஷை இழுத்துக்கொண்டே போக வேண்டும், திரும்பி வந்து சரிசெய்யக் கூடாது. அரக்கு அரை நிமிடத்தில் இறுகத் தொடங்கும். திரும்ப இழுத்தால் வரிவரியாக நிற்கும்.

கழிவுப்பஞ்சு | செப்டம்பர் 7, இரவு 8.50

மேலே சொன்னது சரி, இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

ஒன்று, சாதாரண அரக்கில் மெழுகு இருக்கிறது. மேலே எமல்ஷன் அடிக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. மேல்பூச்சாகப் பியூ (பாலியூரித்தேன் வார்னிஷ்) போடப்போகிறீர்கள் என்றால் பிடிப்பு சரியிருக்காது. கலக்கிய பாட்டிலை நாலைந்து நாள் ஆடாமல் வைத்தால் மெழுகு கஞ்சி மாதிரி அடியில் தங்கும். மேலே தெளிவாக நிற்பதை மட்டும் ஊற்றி எடுங்கள்.

இரண்டு, மழைநாளில் அரக்கு அடிக்காதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரப்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் இறங்கும். பூச்சு பால் ஊற்றியது போல வெளுத்துப் பூக்கும். லேசாக வெளுத்திருந்தால் வெயில் வந்த நாளில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு தடவை இழுத்தால் போய்விடும். நிறைய வெளுத்திருந்தால் எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அதோடு பழைய கரைசல். போன வருஷம் கலக்கி மிச்சமிருந்தது என்று எடுக்காதீர்கள். கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து விரல் ஒட்டினால் அது இனி இறுகாது, கொட்டிவிடுங்கள்.

அலமாரி | செப்டம்பர் 8, காலை 6.40

சாக் பெயின்ட்மேல் தப்பில்லை என்கிறீர்களா? நான் வாங்கியதில்லை, வீட்டில்தான் கலந்தேன். வெள்ளை எமல்ஷனும் பி.ஓ.பி.யும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பாதிக்குப் பாதி.

இழைப்புளி | செப்டம்பர் 8, மதியம் 1.20

பாதிக்குப் பாதியா! விரலால் தேய்த்துப் பாருங்கள், மாவாக வரும்.

சாக் பெயின்டை 1990-இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் கொண்டுவந்தார். மரச்சாமானில் நேராக அடிக்க, சுலபமாகத் தேய்க்க, மெழுகு போட்டு முடிக்க. வீட்டில் கலப்பது அதன் நகல்தான், அதே சரக்கு இல்லை. நகல் வேலை செய்யும் விதம் எளிது: மாவு அதிகம், பசை குறைவு. எமல்ஷனில் இருக்கும் அக்ரிலிக் பசை அவ்வளவு மாவையும் கட்டிப்பிடிக்கப் போதாததால் பூச்சு பொருபொருவென்று நிற்கும், உப்புத்தாளுக்கு உடனே இறங்கிக் கொடுக்கும். அளவு மீறினால் பசையே இல்லாத சுண்ணாம்பு.

அளவு இதுதான். மூன்று டம்ளர் மேட் எமல்ஷனுக்கு ஒரு டம்ளர் மாவு. பி.ஓ.பி. என்றால் முதலில் அதே ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு பெயின்டில் ஊற்ற வேண்டும். நேராகப் போட்டால் குருணை குருணையாக நிற்கும். பி.ஓ.பி. இறுகும் சாமான், அரை மணியில் கெட்டிப்பட ஆரம்பிக்கும். அதனால் ஒரு கதவுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். எனக்குப் பிடித்தது சாக் பவுடர். பட்டி போடுவதற்கு ஹார்டுவேர் கடையில் விற்பார்களே, அது. இறுகாது, மூடி வைத்தால் ஒரு வாரம் கழித்தும் எடுக்கலாம். தண்ணீர் கால் டம்ளர் போதும். துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பளபளப்பான எமல்ஷன் வேண்டாம். அதில் பசை அதிகம், தேய்த்தால் மாவாக வராமல் ரப்பர் மாதிரிச் சுருளும்.

எண்பதாம்நம்பர் | செப்டம்பர் 8, மதியம் 2.00

ஆக, புது பெயின்ட் வாங்கி, அதில் மாவு கலந்து கெடுத்து, அடித்து, காய்ந்ததும் தேய்த்து எடுத்து, அதற்கு மெழுகு போட்டுப் பாதுகாக்கிறோம். தெருவில் வரும் பழைய இரும்பு, பேப்பர்காரர் பார்த்தால் கிலோ என்ன விலை என்று கேட்பார்.

நக்கல் தவிர ஒரு உபயோகமான விஷயம்: எனாமல்மேல் பிரைமர் வேண்டாம் என்பது பாதி உண்மை. பசை பிடிக்க பிரைமர் வேண்டாம், ஆனால் பளபளப்பைக் கொன்றாக வேண்டும். சமையலறைப் பக்கம் நின்ற அலமாரி என்றால் எண்ணெய்ப் பிசுக்கு கட்டாயம் இருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, கையுறை போட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரில் இரண்டு தடவை துடைத்து, காயவிட்டு, 180 நம்பர் உப்புத்தாள். அதற்குப் பிறகு பெயின்ட். பிசுக்கின் மேல் தேய்த்தால் உப்புத்தாள் பிசுக்கை மரத்துக்குள் அழுத்துகிறது, அவ்வளவுதான்.

கழிவுப்பஞ்சு | செப்டம்பர் 8, இரவு 9.30

நிறுத்துங்கள். பழைய பச்சை எனாமலை 180 நம்பரால் வறட்டுத் தேய்ப்பு தேய்க்கச் சொல்லாதீர்கள். எந்த வருஷத்துப் பெயின்ட் என்று கேட்டீர்களா?

வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதற்கு முந்தைய எனாமலில் எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதிலும் மஞ்சளும் பச்சையும் மோசம். பழைய பச்சைகளில் பல, குரோம் மஞ்சளோடு நீலத்தைக் கலந்து வந்தவை. குரோம் மஞ்சள் என்பது ஈயக் குரோமேட்.

வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் தாங்கும் உப்புத்தாளை, நனைத்து ஈரத்தில் தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் தாள், முகத்தில் என்-95, சேற்றை ஈரத் துணியால் வழித்து அந்தத் துணியோடு கட்டி எறிய வேண்டும். துடைப்பம் கூடாது, மெஷின் கூடவே கூடாது, ஹீட் கன்னும் கூடாது. சின்னக் குழந்தை இருக்கிற வீடென்றால் வீட்டுக்குள் வைத்துச் செய்யவே வேண்டாம்.

எண்பதாம்நம்பர் | செப்டம்பர் 8, இரவு 9.41

ஒப்புக்கொள்கிறேன். மேலே எழுதியதில் 180 நம்பரை அடித்துவிட்டு 220 வாட்டர் பேப்பர், ஈரம் என்று படிக்கவும்.

அலமாரி | செப்டம்பர் 9, காலை 8.15

வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது. அலமாரி குறைந்தது முப்பது வருஷம். அப்படியென்றால் ஓரத்தில் பச்சை எட்டிப் பார்க்கிற யோசனையே போச்சா?

இழைப்புளி | செப்டம்பர் 9, காலை 11.00

அந்தப் பழைய பச்சை எட்டிப் பார்க்கக் கூடாது. பிள்ளை கைவைக்கிற, வாய்வைக்கிற உயரத்தில் ஈயப் பெயின்டைத் தேய்த்துத் திறந்து வைப்பது அழகுக்காக ஏற்கிற காரியம் இல்லை. பச்சை வேண்டுமென்றால் புதுப் பச்சை.

யோசித்துப் பார்த்தால் இந்த வழி எல்லா விதத்திலும் நல்லது. அடுக்கு இப்படி வரட்டும்:

பழைய எனாமல், இப்போதைய வெள்ளை எல்லாம் அப்படியே. உதிர்கிற துணுக்குகளை மட்டும் ஈரத்தில் எடுத்துவிடுங்கள். மாவாக வருகிற வெள்ளையை ஈர ஸ்பான்ஜால் துடைத்தால் பாதி போய்விடும், பொருபொருத்த பரப்பின்மேல் எதுவும் நிற்காது. பிறகு அரக்கு இரண்டு கோட். அதன்மேல் மரநிறம்: மேட் எமல்ஷனில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஸ்டெயினர், அதாவது பெயின்டில் கலக்கும் நிறச்சாயம், கறுப்பு சில சொட்டு. காய்ந்தபின் பச்சை ஒரு கோட். அதன்மேல் வெள்ளை இரண்டு மெல்லிய கோட். தேய்ப்பு மரநிறத்தோடு நின்றுவிட வேண்டும். பார்ப்பவருக்கு வெள்ளை, பச்சை, மரம் என்று மூன்றும் தெரியும். உண்மையான மரத்துக்கும் ஈயத்துக்கும் நீங்கள் போகவே இல்லை.

கீழே என்ன வைத்தோம் என்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. தேய்ப்பது கடைசி ஒரு மணி நேரம்.

கழிவுப்பஞ்சு | செப்டம்பர் 9, மதியம் 12.10

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். வேங்கை மாதிரி மரத்தில் ஓரங்களை நிஜ மரம் வரை தேய்த்தால் அரக்கும் சேர்ந்து போய்விடும். அங்கே மேலே தண்ணீர்ப் பியூ அடித்தால், தேய்த்த ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் மஞ்சள் வட்டம். அத்தனை பாடும் வீண். மரம் தெரியத்தான் வேண்டுமென்றால் தேய்த்த பிறகு ஓரங்களில் மட்டும் அரக்கு தொட்டுவிட வேண்டும், அல்லது மெழுகோடு முடிக்க வேண்டும். மெழுகில் தண்ணீர் இல்லை, சாயம் ஏறாது.

அலமாரி | செப்டம்பர் 21, மாலை 4.45

வெள்ளைவரை முடிந்தது, திட்டு வரவில்லை. சாக் பெயின்ட் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இப்போது தேய்க்க வேண்டும். எங்கே தேய்ப்பது? ஒரு கதவின் நான்கு ஓரமும் ஒரே மாதிரி தேய்த்தேன், சட்டம் போட்ட போட்டோ மாதிரி இருக்கிறது.

இழைப்புளி | செப்டம்பர் 21, இரவு 10.05

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எல்லா ஓரத்தையும் சமமாகத் தேய்ப்பதுதான் இந்த வேலையில் அதிகம் காணும் தப்பு. பெயின்ட் தானாகத் தேயாது. ஏதோ ஒன்று அதைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அலமாரிக்கு முன்னால் நின்று, எது தொட்டிருக்கும் என்று பாருங்கள்.

கை: கைப்பிடியைச் சுற்றிலும் அல்ல, கைப்பிடிக்குக் கீழே. கதவைத் திறக்க விரல் குமிழைப் பிடிக்கும்போது நகமும் விரல் முட்டியும் படுவது குமிழின் கீழ்ப்பக்கம். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல், நடுவில் மட்டும் மரநிறம். இரண்டு கதவில் எது முதலில் திறக்குமோ அது அதிகம் தேய்ந்திருக்கும். இன்னொன்று தாழ்ப்பாள் போட்டு மூடியே இருக்கும், அதைத் தொடாதீர்கள். திறக்கிற கதவில் கீலுக்கு எதிர்ப்பக்க ஓரம், நெஞ்சு உயரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு. மேலும் கீழும் கொஞ்சமும் வேண்டாம்.

சாவி: பூட்டுத் துளைக்குக் கீழே சாவிக்கொத்து தொங்கி ஆடும். துளையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் கீழே அரைவட்டமாகச் சின்னச் சின்னக் கீறல். இது ஒன்று போதும், பார்ப்பவர் நம்பிவிடுவார்.

துடைப்பமும் ஈரத்துணியும்: கால்களில் தரையிலிருந்து மூன்று அங்குலம். வீடு துடைக்கும் தண்ணீர் தினமும் படுகிற இடம். அங்கே தேய்ப்பு ஒரு கோடாக முடியக் கூடாது, மேலே போகப் போகக் கலைய வேண்டும். முன்கால்கள் இரண்டும் அதிகம், பின்கால்களுக்குச் சுவர் காவல்.

மேற்பலகை: முன் ஓரம் மட்டும், மூலைகள் இரண்டும் நன்றாக. பக்க ஓரங்கள் பாதி.

தொடக்கூடாதவை: கதவுச் சட்டத்தின் உள்மூலைகள், அலங்காரக் கோடுகளின் பள்ளம், இழுப்பறை முகப்பின் நடு. பள்ளத்தில் கை படாது, அழுக்கு மட்டும்தான் சேரும். அங்கே கறுப்பு மெழுகு வரும், பிறகு சொல்கிறேன்.

தேய்க்க 180-இல் ஆரம்பித்து 320-இல் முடியுங்கள். சின்ன ரப்பர் துண்டில் சுற்றிக்கொண்டால் ஓரம் மட்டும் எடுபடும், விரலில் வைத்தால் பரப்பும் சேர்ந்து போகும். இரண்டையும் பயன்படுத்துங்கள். எட்டடி தள்ளிப் போய்ப் பாருங்கள், திரும்பி வந்து தேயுங்கள். நிறுத்த வேண்டிய இடம் "இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும்போதே.

எண்பதாம்நம்பர் | செப்டம்பர் 22, காலை 6.55

ஈரத் தேய்ப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்து ஓரங்களில் தேய்த்தால் தூசியே இல்லாமல் வெள்ளை கரைந்து பச்சை தெரியும். உப்புத்தாளைவிட மென்மையாக வரும்.

கழிவுப்பஞ்சு | செப்டம்பர் 22, காலை 9.10

வரும், வெள்ளை அடித்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். எமல்ஷனில் கலந்த பூச்சு ஒரு இரவு தாண்டினால் துணிக்கு அசையாது. இவருடையது காய்ந்துவிட்டது. இன்னொன்று, பச்சையும் அதே எமல்ஷன் என்றால் ஒரு நாளாவது காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து கரைந்து வெளிர்ப்பச்சைச் சேறு.

முன்கூட்டியே யோசிப்பவர்களுக்கு மெழுகுவர்த்தி: பச்சை காய்ந்ததும், பின்னால் எங்கே தெரிய வேண்டுமோ அங்கே வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்திக் கீறுங்கள், துகளை ஊதிவிட்டு வெள்ளை அடியுங்கள். காய்ந்தபின் பட்டித்தகடால் நெம்பினால் அந்த இடங்களில் மட்டும் செதிலாக உரியும். உப்புத்தாள் தருவது தேய்மானம், மெழுகு தருவது உரிவு. நிஜப் பழசில் இரண்டும் இருக்கும். மிச்ச மெழுகை டர்பன்டைன் துணியால் துடைக்காவிட்டால் அதன்மேல் பியூ பிடிக்காது. வாசலின் தடவும் ஆட்களும் உண்டு. வேண்டாம், அது காயாது, துடைத்தாலும் பரவும்.

பலகை ஒன்பது | செப்டம்பர் 22, மாலை 7.20

இடையில் வருவதற்கு மன்னிக்க. என்னுடையது கடையில் வாங்கிய எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மேசை, மேலே மைக்கா. இதே மாதிரி செய்யலாமா?

இழைப்புளி | செப்டம்பர் 22, இரவு 8.00

தேய்ப்பு வேண்டாம். மைக்காவைத் தேய்த்தால் கீழே பழுப்புக் காகிதம் தெரியும், எம்.டி.எஃப். ஓரத்தைத் தேய்த்தால் அட்டை மாதிரி புசுபுசுவென்று எழும்பும். வெனீர் ஒட்டிய பிளைவுட்டும் இதே, அந்த வெனீர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உங்களுக்கு வறட்டுப் பிரஷ் சரியாக வரும்: பழுப்பு அடித்து, அதன்மேல் பிரஷ் நுனியை மட்டும் வெள்ளையில் தொட்டு, செய்தித்தாளில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற நிலையில் மெல்ல இழுக்க வேண்டும். எதையும் எடுப்பதில்லை, வைப்பது மட்டும்தான். மைக்காவுக்கு முதலில், பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும், லேசான 220 தேய்ப்பும் நல்ல பிரைமரும் கட்டாயம்.

அலமாரி | செப்டம்பர் 28, மாலை 6.00

தேய்த்தாயிற்று. சாவிக் கீறல்தான் எல்லாரும் முதலில் பார்ப்பது. மெழுகு எப்படி?

கழிவுப்பஞ்சு | செப்டம்பர் 28, இரவு 9.15

100 கிராம் தேன்மெழுகு, 250 மி.லி. டர்பன்டைன். மெழுகைச் சீவி ஒரு கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்குங்கள். உருகியதும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே கொண்டுபோய், பிறகு டர்பன்டைன் ஊற்றிக் கலக்குங்கள். அடுப்பு எரியும்போது டர்பன்டைன் பக்கத்திலேயே வரக் கூடாது. ஆறியதும் வெண்ணெய்ப் பதம் வரும். கட்டியாக இருந்தால் இன்னும் 50 மி.லி.

இதில் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியில் ஆக்சைடு பொடி கலக்குங்கள்: கறுப்பு ஒரு பங்கு, சிவப்பு அரைப் பங்கு. தரைக்குப் போடும் அதே பொடி, நூறு கிராம் மெழுகுக்கு ஒரு தேக்கரண்டி போதும். பெயின்ட் ஸ்டெயினரை மெழுகில் ஊற்றாதீர்கள், சேராது.

முதலில் வெறும் மெழுகு முழுக்க. இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். சாக் பூச்சு பஞ்சு மாதிரி உறிஞ்சும், கறுப்பு மெழுகு நேராகப் பட்டால் பட்ட இடத்திலேயே கறையாக நின்றுவிடும். வெறும் மெழுகு போட்டு, மிச்சத்தைத் துடைத்த பிறகு, பழைய பல் பிரஷ்ஷால் பள்ளங்களில் கறுப்பு. உடனே துணியால் மேல்பரப்பைத் துடையுங்கள். அதிகமாகிவிட்டால் வெறும் மெழுகையே மறுபடி தடவித் துடைத்தால் கறுப்பு கழன்று வரும். ஒரு நாள் விட்டு பருத்தித் துணியால் மெருகு.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் மெருகு போடச் சொல்லும் வீடியோ உண்டு. வேங்கையில் வேண்டாம். உடைந்த கம்பித்துகள் ஈரம் பட்டுத் துருவாகி, மரத்தின் சாயத்தோடு சேர்ந்தால் மை கொட்டியது போலக் கறுப்புப் புள்ளி.

எண்பதாம்நம்பர் | செப்டம்பர் 29, காலை 7.30

அந்தக் கறுப்பையே வேண்டுமென்று உண்டாக்கலாமே. வினிகரில் கம்பி நாரை இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கருவேலத்தில் தடவினால் மழையில் கிடந்த கட்டை மாதிரி சாம்பல் நிறம். பைனில் பிடிக்காது, முதலில் கடுந்தேநீர் தடவிக் காயவிட வேண்டும். பாட்டிலை இறுக மூடாதீர்கள், வாயு கிளம்பும்.

அலமாரி | செப்டம்பர் 29, காலை 8.00

மேற்பலகையில் காபி டம்ளர் வைப்போம். மெழுகு தாங்குமா?

கழிவுப்பஞ்சு | செப்டம்பர் 29, காலை 8.20

தாங்காது. தேன்மெழுகு 62 டிகிரியில் உருகத் தொடங்கும், சுடச்சுடக் காபி அதற்கு மேல். வட்டம் விழும். மேற்பலகைக்கு மெழுகு போடும் முன்பே யோசித்து, அங்கே மட்டும் மேட் தண்ணீர்ப் பியூ மூன்று மெல்லிய கோட். மெழுகு போட்டபின் பியூ நினைப்பு வந்தால் டர்பன்டைனால் கழுவி எடுத்துவிட்டுத்தான்.

பலகை ஒன்பது | அக்டோபர் 5, இரவு 10.30

வெடிப்பு விட்ட மாதிரி பூச்சு எப்படி வருகிறது? வெள்ளைப் பசை தடவினால் வரும் என்கிறார்கள், எனக்கு வழுக்கிக்கொண்டு போகிறது.

இழைப்புளி | அக்டோபர் 6, மதியம் 3.00

வெள்ளைப் பசை ஒட்டும் பதத்தில், அதாவது பத்து இருபது நிமிடத்தில், மேல்கோட் அடித்தால்தான் வெடிக்கும். முழுக்கக் காய்ந்தால் ஒன்றும் நடக்காது, ஈரமாக இருந்தால் உங்களுக்கு வந்தது போல வழுக்கும்.

பழைய ஆசாரிகள் வைத்திருந்த வச்சிரம்தான் (தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) இதற்கு நல்லது. ஒரு பங்கு வச்சிரத்துக்கு இரண்டு பங்கு தண்ணீர், இரவு ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி போல இளக்குங்கள். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும். நாற்றம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடிநிறத்தின்மேல் தடவிக் காயவிட்டு, மேல்நிறத்தை ஒரே இழுப்பில் அடியுங்கள். மேல்நிறத்தின் ஈரம் பசையை இளக்கும், பசை மறுபடி காய்ந்து சுருங்கும்போது மேலே இருப்பதையும் சேர்த்து இழுத்துக் கிழிக்கும். அடர்த்தியாகத் தடவினால் அகல வெடிப்பு, மெல்லியதாகத் தடவினால் நூல் வெடிப்பு. வெடிப்பு பிரஷ் போன திசையில் ஓடும். அடித்த இடத்தை மறுபடி தொட்டால் எல்லாம் குழம்பும்.

ஒரு கதவில், ஒரு மூலையில் போதும். முழு அலமாரியும் வெடித்திருந்தால் வறண்ட கண்மாய்.

எண்பதாம்நம்பர் | அக்டோபர் 6, மாலை 5.45

அடுத்து எல்லாரும் சங்கிலியால் அடிப்பார்கள், ஆணியால் உளுத்த ஓட்டை போடுவார்கள். பூச்சி ஓட்டைக்கு ஒரு குறிப்பு: அது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வட்டம், மூன்று நான்காகக் கூட்டம் கூடி இருக்கும், பிறகு ஒரு முழம் ஒன்றுமே இருக்காது. கோலப்புள்ளி மாதிரி வரிசையாகக் குத்தினால் பூச்சிகூடச் சிரிக்கும். அடிப்பதும் குத்துவதும் பெயின்டுக்கு முன்னால். உண்மையாகவே மாவு கொட்டுகிற ஓட்டை என்றால் அது அலங்காரம் இல்லை, மருந்து.

கழிவுப்பஞ்சு | அக்டோபர் 6, இரவு 11.10

இந்த இழையில் யாரும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். ஈட்டி, பர்மா தேக்கு, நன்றாக இருக்கிற பழைய பாலிஷ், இவற்றின்மேல் வெள்ளை அடிக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அப்படிப்பட்ட சாமானைத் தேடிப் போய் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே அதன்மேல் சுண்ணாம்பு அடிக்க அரக்கு எவ்வளவு கிராம் என்று கேட்கிறோம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பூச்சு இளகினால் அது அரக்கு பாலிஷ். அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது இந்த வெள்ளை வேலையில் பாதி உழைப்புகூட இல்லை.

எண்பதாம்நம்பர் | அக்டோபர் 7, காலை 7.00

இவருடையது வேங்கை, அதுவும் ஏற்கெனவே பச்சை எனாமல் அடித்துக் கற்பழிந்த வேங்கை. வழக்கு தள்ளுபடி.

இழைப்புளி | அக்டோபர் 7, காலை 9.30

சொல்லைப் பார்த்து எழுதுங்கள். "பாழான" போதும்.

விஷயத்துக்கு வந்தால் நான் கழிவுப்பஞ்சு பக்கம். பூச்சு கெட்ட சாமான், கலப்பு மரம், ஒட்டுப்போட்ட சாமான், இவற்றுக்குத்தான் இந்த வேலை. கலிபோர்னியாவின் சான்டா மோனிக்காவில் ரேச்சல் ஆஷ்வெல் 1989-இல் திறந்த ஷாபி சிக் கடைதான் இந்த மோகத்தை ஊரெங்கும் பரப்பியது. அங்கேயும் தொடக்கத்தில் பழைய சந்தைச் சாமான்தான் சரக்கு, புதுத் தேக்கு இல்லை.

எண்பதாம்நம்பர் | அக்டோபர் 7, காலை 9.50

சரி, தப்பான சொல். பாழான வேங்கை.

அலமாரி | நவம்பர் 11, மாலை 5.20

மழை தொடங்கியதிலிருந்து கீழ் இழுப்பறை திறக்க மாட்டேன் என்கிறது. பக்கப் பலகைகளுக்கும் மூன்று கோட் அடித்திருந்தேன்.

இழைப்புளி | நவம்பர் 11, இரவு 8.40

பக்கங்களுக்கு ஏன் அடித்தீர்கள்! முகப்பு மட்டும்தான் பெயின்ட், ஓடுகிற பக்கம் வெறும் மரமாக இருக்க வேண்டும். மழையில் மரம் ஊதும், அதோடு மூன்று கோட் கனம். இப்போது இழைப்புளி போடாதீர்கள், தை மாதம் மரம் வற்றியபின் இழுப்பறை ஆடும். பெயின்டை மட்டும் பட்டித்தகடால் சுரண்டி எடுத்து, ஓடும் இரண்டு விளிம்பிலும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சுரண்டும்போது பழைய பச்சை தென்பட்டால் நிறுத்தி, ஈரத்துணி.

அலமாரி | நவம்பர் 12, காலை 7.10

பச்சை இல்லை, உள்ளே எனாமல் போயிருக்கவில்லை. சுரண்டி, மெழுகு தேய்த்தேன். திறக்கிறது.